எங்கள் தெரு அம்மனின் நடை

இடுப்பு மூட்டை மாற்றி வைத்த டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஆடி மாசம் சாமி தூக்கலாமா சார்?" என்பதுதான். மயக்கம் தெளிந்து, நாக்கு காய்ந்து, கீழே கிடப்பது என் கால்தானா என்றுகூடத் தெரியாத நேரம் அது. அவர் என்னைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். "முதல்ல பாத்ரூம் வரைக்கும் உங்களை நீங்களே தூக்கிக்கிட்டுப் போங்க. சாமியை அப்புறம் பாக்கலாம்" என்றார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. கையில் ஊசி ஏற்றியிருந்ததால் சும்மா இருந்தேன்.

நான் ஒன்றும் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அம்மன், ஆடி மூன்றாம் வெள்ளியன்று பல்லக்கில் தெரு சுற்றுவாள். இரண்டு நீளத் தண்டுகள், முன்னும் பின்னுமாக ஆட்கள். அதில் இடது தண்டின் முன் முனையில் முதல் ஆள் நான். மீசை அரும்பிய வயதில் பின்னால் ஒட்டிக்கொண்டவன், வருஷத்துக்கு வருஷம் முன்னேறி அந்த இடத்தைப் பிடித்தேன். முதல் ஆளின் கால் எப்படி விழுகிறதோ அப்படித்தான் மற்ற எல்லார் காலும் விழ வேண்டும். இல்லையென்றால் தண்டு தோளை உரித்துவிடும். ஆக, அம்மனை நடத்துகிறவன் நான். கோவில் தர்மகர்த்தாவுக்குப் பரிவட்டம் கட்டி மாலை போடுவார்கள். எனக்குத் தோளில் மடித்துப் போட்டுக்கொள்ள ஒரு பழைய துண்டு. பரிவட்டத்தைக் கொடுத்து அந்தத் துண்டைக் கேட்டாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

பிழைப்புக்கு ஜக்கார்டு பெட்டி பழுது பார்க்கிறேன். தறியின் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, எந்த இழை ஏற வேண்டும், எந்த இழை இறங்க வேண்டும் என்று உத்தரவு போடுகிற பெட்டி அது. அது முரண்டு பிடித்தால் புடவையில் மயிலுக்கு மூக்கு இருக்காது. அதைச் சரிபார்க்க மேலே ஏறியாக வேண்டும். ஏணியெல்லாம் கிடையாது. தறிக்கட்டையில் கால் வைத்து ஓர் எம்பு எம்பினால் மேலே இருப்பேன். ஐம்பத்தாறு வயதிலும் அப்படித்தான். சாயங்காலம் ஆனால் மைதானத்தில் கல்லூரிப் பிள்ளைகளோடு வாலிபால். ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

இப்படிப்பட்டவனுக்கு எட்டு வருஷமாக இடது இடுப்பு மூட்டு தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு குத்தல், பிறகு ஒரு சாய்வு. இடது கால் கொஞ்சம் குட்டையாகிப்போனது. ஊர் என்னை 'நொண்டி மெக்கானிக்' என்றே கூப்பிட ஆரம்பித்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். ஆனால் கூப்பிட்டவன் வீட்டுத் தறிக்கு மட்டும் மறுநாள்தான் போவேன். போன வருஷக் கடைசியில் ஒரு நாள் தறிமேல் ஏறியவன் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டேன். நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். கீழே புடவை நெய்துகொண்டிருந்த அந்த வீட்டு அம்மா, "சாமி மலையேறிடுச்சா?" என்று கேட்டார். அந்த வாரமே டாக்டரைப் பார்த்தேன். மாசி மாதம் ஆபரேஷன் முடிந்தது.

வீட்டுக்கு வந்தபின் என் மனைவி சிறை அதிகாரி ஆனாள். கீழே உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, சம்மணம் கூடாது, கால்மேல் கால் கூடாது, ஒருக்களித்தால் இரண்டு காலுக்கும் நடுவே தலையணை இல்லாமல் கூடாது. கீழே விழுந்த ஸ்குரூவை எடுக்கக் குனிந்தேன் என்று அடுக்களையிலிருந்தே ஒரு அதட்டல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்பே அவள் மாகறல் சிவனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். எலும்பு சம்பந்தப்பட்ட எல்லாப் புகாரும் எங்கள் பக்கத்தில் அவரிடம்தான் போகும். எல்லாம் நல்லபடி முடிந்ததில் பாதிப் பெயர் டாக்டருக்கு, மீதிப் பாதி மாகறலாருக்கு. "அப்போ நானு?" என்று கேட்டேன். "நீங்க என்னா செஞ்சீங்க? படுத்துக்கினு கெடந்தீங்க" என்றாள்.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளோடு வந்தார்கள், ஆலோசனையோடும் வந்தார்கள். உள்ளே வைத்திருப்பது என்ன உலோகம் என்று எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டும். பட்டையும் ஜரிகையையும் தொட்டு, நிரடி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப் பழகிய ஊர். "அசலா, அரை ஜரிகையா?" என்றார் ஒருவர். "தண்ணி பட்டா கறுக்காதே?" என்றார் இன்னொருவர். நான் அவர்களைக் கேலி செய்ய முடியாது. அதற்கு வருஷத்துக்கு எத்தனை முறை கிரீஸ் போட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டவன் நான்.

எதிர்வீட்டு அக்கா மட்டும் தினமும் ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். பட்டு முறுக்குகிற மிஷின் ஓட்டுகிறவர். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, சும்மா பேசினாலே தெருமுனைவரை கேட்கும். "குடி தம்பி. அந்த ஆட்டுக்கு நாலு காலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். குடித்து முடிக்கும்வரை அம்மன் கதை. "வரதரு கருட சேவைக்கு வர்ற அழகை ஊரே பாக்குது, சரி. நம்ம அம்மா நடை யாருக்கு வரும் சொல்லு? மத்த தெரு சாமியெல்லாம் சும்மா போவுது. நம்ம அம்மா மட்டும்தான் ஒவ்வொரு அடிக்கும் எடது பக்கமா சாஞ்சி, ஒரு நிமிஷம் நின்னு, வீட்டு வாசலைக் குனிஞ்சி விசாரிச்சிட்டு நிமிருவா. ஆதியிலேருந்தே அப்படித்தான்." எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அந்த நடைக்கு முதல் கால் என்னுடையது அல்லவா. சூப் கொஞ்சம் உப்புக் கரித்தாலும் குடித்துவிடுவேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வர ஆரம்பித்தாள். என் மகள் வயதுகூட இருக்காது. ஸ்கூட்டியை நிறுத்தும்போதே கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். கட்டிலில் படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொல்வாள், இறக்கச் சொல்வாள், பக்கவாட்டில் விரிக்கச் சொல்வாள். நான் முனகினால், "சூப்பர் அங்கிள், இன்னொரு தடவை" என்பாள். முனகாவிட்டாலும் அதையேதான் சொல்வாள். வாக்கரோடு எழுந்து நடக்க ஆரம்பித்த அன்று அவள் முகம் மாறியது.

"அங்கிள், நொண்டாதீங்க!"

"நொண்டலியேமா."

அவள் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினாள். நொண்டிக்கொண்டுதான் இருந்தேன். இடது கால் விழும்போதெல்லாம் உடம்பு மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து, வலது கால் அவசரமாக ஓடிவந்து தாங்கியது. "ரெண்டு காலும் இப்ப ஒரே லென்த். மூட்டு புதுசு. பழசா இருக்கறது உங்க மூளை மட்டும்தான். அது எட்டு வருஷப் பழக்கத்துல இன்னும் நொண்டச் சொல்லுது" என்றாள். 

விடியற்காலையில் எங்கள் தெருவில் பாவு விரிப்பார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையைத் தேடி முடிந்துகொண்டே ஆட்கள் முன்னும் பின்னும் நடப்பார்கள். அந்தப் பெண் அதைப் பார்த்ததும் குஷியாகிவிட்டாள். "அங்கிள், இந்த நூல் பக்கத்துலயே நடங்க. ஸ்ட்ரெய்ட்டா இருக்கு. உங்க தோள் எறங்கினா உங்களுக்கே தெரிஞ்சிடும்." அன்றிலிருந்து அதுதான் என் பள்ளிக்கூடம். பாவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் கஞ்சியோடு நடப்பார்கள், இந்தப் பக்கம் நான் வாக்கரோடு. "யோவ், பாவு மேல மட்டும் விழுந்துடாதபா. உனுக்கு இன்னொரு இடுப்பு கெடைக்கும், இந்தப் பட்டு கெடைக்காது" என்பார்கள். கொஞ்ச நாளில் தெருவில் எல்லாருக்கும் அந்த வாக்கியம் பாடமாகிவிட்டது. நான் வாசலில் இறங்கினால் போதும், ஜன்னலுக்கு ஜன்னல், "அங்கிள், நொண்டாதீங்க!" பால்காரர் என்னைவிட மூத்தவர். அவரும் அங்கிள் என்றார்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தோடு நடந்தாலும் நடைதானே. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது, கைத்தடி போய் வெறுங்கை வந்தது. இரவெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்த அந்தக் குத்தல் எப்போது நின்றது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் தெருக்கோடி வரை போய்ப் பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டு வாசலில் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னா?" என்றேன். "ஒண்ணும் இல்ல. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ இப்படித்தான் நடந்து வந்தீங்க" என்றாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேலைக்கும் திரும்பினேன். தறிமேல் ஏறத் தடை என்பதால் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேலே ஏறிய உதவிப் பையனை விரட்டினேன். ஏறுவதைவிட விரட்டுவது சுகம் என்று தெரிந்துகொண்டேன்.

ஆனி மாதக் கடைசியில் மனைவியோடு டாக்டரிடம் போனேன். என்னை அறைக்குள் நடக்கவிட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். "பிரமாதம். வேகமா நடங்க, சைக்கிள் ஓட்டுங்க, நீச்சல் தெரிஞ்சா நீந்துங்க" என்றார்.

"சாமி தூக்கலாமா சார்?"

அவர் மறக்கவில்லை. இந்தத் தடவை கிண்டலும் செய்யவில்லை. "வேணாம்."

"இந்த வருஷம் மட்டுமா?"

"எந்த வருஷமும் வேணாம். கூட்டத்துல பாரத்தைச் சுமந்துக்கிட்டுத் திரும்பறப்போ யாராவது இடிச்சாப் போதும். மூட்டு நகர்ந்துடும். நடக்கறதுக்காகத்தானே வெச்சோம்?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பும் வழியில் மனைவி டீ வாங்கிக் கொடுத்தாள். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன். பெட்டி பழுது பார்க்க ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வாலிபாலுக்கு ஆள் கிடைப்பார்கள். இடது தண்டு முதல் ஆள் என்பது மட்டும்தான் நான் மட்டுமே ஆன ஒன்று. அது இல்லையென்றால் இந்தத் தெருவில் நான் யார் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஆடி பிறந்ததும் கோவிலில் கூட்டம் போட்டார்கள். என் இடத்துக்கு என் மச்சானையே போட்டார்கள். மனைவியின் தம்பி. பஸ் டிரைவர், கரண்டு கம்பம்போல நேரானவன், நடையும் அப்படியே. என் முகத்தைப் பார்த்த தர்மகர்த்தா, "உனக்கும் ஒரு வேலை வெச்சிருக்கோம்பா. நீள மூங்கில் கழி. பல்லக்கு போற வழியில தாழத் தொங்கற கேபிள் ஒயரைத் தூக்கிப் புடிக்கணும். பாரமே இல்ல" என்றார். அம்மனைத் தூக்கியவன் கேபிள் ஒயரைத் தூக்குவதா? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கூழ் ஊற்றிய அன்றும் கோவில் பக்கம் போகவில்லை. மச்சான் வீட்டுக்கு வந்து, "மாமா, நானா கேக்கல மாமா" என்று நின்றான். அவனுக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

மூன்றாம் வெள்ளி வந்தது. பம்பைச் சத்தம் கேட்டதும் டிவியைச் சத்தமாக வைத்தேன். மனைவி தட்டில் தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து பிசியோ பெண் பட்டுப் புடவையில் வந்து நின்றாள். திருவிழா பார்க்க வந்தாளாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், இன்னைக்கு வாக்கிங் முடிச்சாச்சா?"

"இல்லமா."

"அப்போ வாங்க."

வாக்கிங் என்றால் மறுக்க முடியாது. அது சாமி சமாச்சாரம் அல்ல, மருத்துவம். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தெருமுனை தாண்டியதும் கூட்டம் எங்களை நிறுத்திவிட்டது. பம்பை நின்றிருந்தது. பல்லக்கும் நின்றிருந்தது; தண்டுகளுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றவர் எதிர்வீட்டு அக்கா.

"அம்மா நடக்கவே இல்லியே! லாரியில வெச்சி ஓட்டிக்கினு போற மாதிரி போவுது. ஒரு வாசலையும் திரும்பிப் பாக்கல, ஒருத்தரையும் விசாரிக்கல. அவளுக்கு நம்ம மேல ஏதோ கோவம் இருக்குது."

மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ தீட்டு என்றார்கள். யாரோ பூசாரி மாலையை மாற்றிப் போட்டுவிட்டார் என்றார்கள். தர்மகர்த்தா வியர்வையைப் பரிவட்டத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் வாங்கிவர ஆள் ஓடியது. மச்சான் முகம் சிவந்து, "நான் நேராத்தானே நடக்கறேன்! ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல" என்று கத்தினான்.

"அதைத்தான்பா சொல்றேன்! அம்மா எப்படி வருவான்னு உனுக்குத் தெரியாது? தோ பாரு" என்று அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து காட்டினார். இடது காலை வைத்தார், இடுப்போடு இடப்பக்கம் சரிந்தார், ஒரு கணம் நின்றார், வலது காலை இழுத்துவந்து நிமிர்ந்தார். மறுபடியும் சரிந்தார், நின்றார், நிமிர்ந்தார். சுற்றியிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிசியோ பெண் என் கையைப் பிடித்தாள். பிறகு, பாவம், அவளால் அடக்க முடியவில்லை.

"ஐயோ, இது அங்கிளோட நடை!"

அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வேறு சொன்னாள். அது யாருக்கும் தேவைப்படவில்லை. தெரு மொத்தமும் திரும்பி என் காலைப் பார்த்தது. நானும் குனிந்து பார்த்தேன். முதல் ஆளின் கால் எப்படி விழுகிறதோ அப்படித்தான் எல்லார் காலும் விழும். எட்டு வருஷமாக என் தேய்ந்த மூட்டு ஒவ்வோர் அடிக்கும் சரிந்திருக்கிறது. என் பின்னால் வந்தவர்களும் தோள் உரியாமல் இருக்க என்னோடு சேர்ந்தே சரிந்திருக்கிறார்கள். மேலே உட்கார்ந்திருந்தவள் வேறென்ன செய்வாள்? பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து கும்பிட்டது என் நொண்டலையா? பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

முதலில் சிரித்தவர் பூசாரி. கையிலிருந்த மணி தானாக ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் இல்ல. நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்தே அம்மா அப்படித்தான் வரா."

"யக்கா, உனுக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆவுது. அவரு நொண்டறது எட்டு வருஷமா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அக்கா விடவில்லை. "சரி, அவன் காலுன்னே வெச்சிக்க. அந்தக் காலை அவனுக்கு அப்படிக் குடுத்தது யாரு? அவளுக்கு அந்த நடைதான் புடிச்சிருக்குது. எனுக்கும்." என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ தூக்க வாணாம். எப்படி நடந்தேன்னு இவனுக்கு நடந்து காட்டு, போதும்."

"நொண்டுபா!" என்றது கூட்டம்.

"அங்கிள், நொண்டாதீங்க!" என்றாள் பிசியோ பெண், நிஜமான கவலையோடு.

நான் நடுத்தெருவில் வந்து நின்றேன். இடது காலை வைத்தேன். சரிய வேண்டும் என்று நினைத்தேன். கால் சரியவில்லை. இரண்டடி போய் மறுபடி முயன்றேன். நேராகவே நடந்தேன். வேண்டுமென்று உடம்பைச் சாய்த்தால் தோள்தான் சாய்ந்தது, ஏதோ குடித்தவன்போல. "அது இல்லபா, அது இல்ல" என்றார்கள். எட்டு வருஷம் என் உடம்பிலேயே குடியிருந்த நடையை எங்கே தேடியும் காணோம். பாவு ஓரமாக நடந்து நடந்து நானே அதைத் துரத்திவிட்டிருந்தேன். நான் முழுசாகக் குணமாகிவிட்டேன் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. தண்டின் கீழ் என் இடம் போய்விட்டது என்பதும் அதே நொடியில் புரிந்தது. 

மச்சானிடம் போனேன். அவன் தோள் துண்டைச் சரிசெய்துவிட்டேன். அவனோடு பேசி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இங்க பாரு. எடது காலை வெக்கும்போது அதை நம்பாத. அது உன்னைத் தாங்காதுன்னு பயந்துக்கினே வை. இடுப்பை அப்படியே கீழ வுடு. அங்க ஒரு மூச்சு நில்லு. அப்புறம் வலது கால் வந்து உன்னைக் காப்பாத்தணும்."

தண்டு இல்லாமல் நடந்து பார்த்தான். முதலில் வரவில்லை. இரண்டாவது தடவை அக்கா, "ஆங்!" என்றார். மூன்றாவது தடவை பெண்கள் குலவையிட்டார்கள். நாலடி நடந்தவன் நின்று என்னைப் பார்த்தான்.

"மாமா, வெறுமனே நடந்தாலே இடுப்பு வலிக்குது. இத்தோட பல்லக்கையும் தூக்கினியா? ஒரு வார்த்தை சொல்லலியே மாமா."

"சொல்லியிருந்தா எறக்கி வுட்டிருப்பீங்க."

அவன் என் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுத் தண்டுக்கடியில் போனான். பம்பை மறுபடி முழங்கியது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தேன். மனைவி தட்டோடு நின்றிருந்தாள். நடந்ததெல்லாம் அவள் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

தெருமுனையில் விளக்கு வெளிச்சம் திரும்பியது. அதன் பின்னால் அம்மன் வந்தாள். இடப்பக்கம் சாய்ந்தாள், நின்றாள், நிமிர்ந்தாள். காதில் தோடு ஆடியது, கழுத்து மாலை ஒரு பக்கமாக ஊஞ்சலாடித் திரும்பியது. ஒவ்வொரு வாசலையும் குனிந்து பார்த்து, அங்கே நிற்பவர்களை எண்ணிக்கொள்வதுபோல ஒரு கணம் தாமதித்து, பிறகுதான் அடுத்த வாசலுக்கு வந்தாள். கோவிலுக்குள் நிற்கும்போது அவளைப் பார்த்திருக்கிறேன். நடந்து வந்து நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்? இத்தனை வருஷமும் அவள் என் முதுகுக்குப் பின்னால் அல்லவா வந்துகொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"கால் வலிக்குதா?" என்றாள் மனைவி.

"இல்ல. இவ்ளோ அழகா வருவான்னு எனுக்கு யாருமே சொல்லலியே."

"நீங்க எங்க கேட்டீங்க? வருஷா வருஷம் இந்த வாசல்ல நான் ஒண்டியா நின்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

பல்லக்கு எங்கள் வாசலில் வந்து சாய்ந்தது. தட்டின் மறு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன்.